ஞானசௌந்தரியின் கைகளை வெட்டியவர் யார்?

நம் கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டுப் பங்குகள் பலவற்றிலும் திருவிழா இரவுகளில் மேடையேறி வந்த நாடகங்களுள் ஞானசௌந்தரியைப் போல் மக்களை அழவைத்தது பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே. சிற்றன்னையின் சூழ்ச்சியால் இளவரசி காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு இரு கைகளும் துண்டிக்கப்படும் கட்டத்தில், மணலில் அமர்ந்திருக்கும் தாய்மார் முந்தானையால் வாய்பொத்தி விம்முவர். வைகறைப் பொழுதில் அன்னை மரியாவின் அருளால் அக்கைகள் மீண்டும் முளைக்கும்போது அவர்களே கைகூப்பி எழுவர்.

இத்துணைக் கண்ணீரைப் பெற்ற நாடகத்தைப் பற்றி ஒரேயொரு கேள்வியை எழுப்ப விரும்புகிறோம். ஞானசௌந்தரியின் கைகளை வெட்டியவர் யார்? நாடகம் பார்த்த எந்தச் சிறுவனைக் கேட்டாலும் "லேனாள்" என்று சிற்றன்னையின் பெயரைச் சொல்வான். அவ்விடை தவறானது என்பதும், அத்தவறான விடையைப் பக்தியின் பெயரால் நம் மேடைகள் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்துள்ளன என்பதும் நம் வாதம்.

கதையை அறிந்தவர்க்குச் சுருக்கமாக நினைவூட்டினால் போதும். தாயை இழந்த இளவரசி ஞானசௌந்தரி. அரசன் மறுமணம் செய்கிறான். லேனாள் அவள்மீது அழுக்காறு கொண்டு காட்டில் கொன்றுவிடும்படி ஏவுகிறாள். உயிர் தப்புகிறது, கைகள் போகின்றன. அவளைக் காட்டில் கண்ட பிலேந்திரன் என்னும் அரசகுமாரன் அந்நிலையிலேயே மணந்துகொள்கிறான். அவன் போர்மேல் சென்றிருக்கையில் இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. அச்செய்தி தாங்கிய ஓலை வழியிலே மாற்றப்படுகிறது. கணவனின் மறுமொழியும் மாற்றப்படுகிறது. அவனது ஆணை என்றே கருதி அவளையும் பச்சிளங் குழந்தைகளையும் அரண்மனையினின்று அகற்றுகின்றனர். காட்டில் அவள் மன்றாடக் கைகள் மீள்கின்றன. பின்னர்க் கணவனும் வந்து சேர்கிறான். அம்மானைக்கும் நாடகத்துக்கும், ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் சிற்சில வேறுபாடுகள் உண்டெனினும் கதையின் முதுகெலும்பு இதுவே. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கூத்துமேடையும் இதனை நன்கறியும். 1948ஆம் ஆண்டில் சிட்டாடல், ஜெமினி ஆகிய இரு நிறுவனங்கள் ஒரே ஆண்டில் இதனைத் திரைப்படமாக்கின என்றால், இக்கதை நம் சமயத்தவரையும் கடந்து தமிழ் மக்களை எவ்வளவு ஈர்த்தது என்பது விளங்கும்.

இனி அந்தப் பொய்யோலையைக் கையில் எடுத்து ஆராய்வோம். மனைவியையும் மக்களையும் தொலைத்துவிடு என்று அரசகுமாரன் பெயரால் ஓர் ஓலை வருகிறது. வாசித்தவர் எவரும் திடுக்கிடவில்லை. "எங்கள் இளவரசர் இப்படி எழுதுவாரோ?" என்று ஓர் அமைச்சனும் ஐயுறவில்லை. ஆளனுப்பி உண்மை அறிந்து வரவில்லை. அவள் செய்த குற்றம் யாது என்று வினவவில்லை. ஓலை வந்தது, அவள் போனாள். பொய்நாணயம் செல்லுபடியாக வேண்டுமாயின் அந்நாட்டில் மெய்நாணயம் ஒன்று புழக்கத்தில் இருந்தாக வேண்டும். கணவன் ஒரு வரி எழுதினால் மனைவியின் உயிர் போகும் என்பது அந்நாட்டு வழக்கமாய் இருந்ததனாலேயே லேனாளின் சூழ்ச்சி பலித்தது. ஓலை பொய், ஓலையின் அதிகாரமோ மெய். நாடகம் பொய்யோலை எழுதியவளைத் தண்டித்துவிட்டு, மெய்யான அந்த அதிகாரத்தைத் தொடாமல் மங்களம் பாடி முடிக்கிறது.

தந்தையைப் பற்றி என்ன சொல்வது? ஒரு நாட்டையே காவல் செய்யும் அரசனுக்குத் தன் மகள் வீட்டைவிட்டுக் காணாமற்போனது தெரியவில்லை. தெரிந்தபின்னும் அவனை எவரும் கூண்டில் ஏற்றுவதில்லை. அவன் ஏமாற்றப்பட்டவன், பாவம்! நம் நாடகங்களில் அரசர்களுக்கு வாய்த்த பெரும்பேறு இந்த ஏமாறும் பேறு. நாடாள அறிவு உண்டு; வீட்டுக்குள் நடப்பதை அறிய மட்டும் அறிவில்லை.

இக்கதையின் பழைய வடிவங்களைப் பார்த்தால் நம் கேள்விக்கு நேரான விடை கிடைக்கிறது. கையிழந்த கன்னியின் கதை ஐரோப்பாவில் பன்னெடுங்காலம் உலவியது. 13ஆம் நூற்றாண்டில் பிலிப் தெ ரெமி என்பவர் பழம் பிரெஞ்சு மொழியில் பாடிய 'மானெக்கீன்' என்னும் காவியத்தில், ஹங்கேரி அரசன் மனைவியை இழந்தபின், அவளைப் போன்ற முகமுடைய தன் மகளையே மணக்க முற்படுகிறான். கையில்லாதவள் அரசியாக இயலாது என்று சொல்லித் தப்பிக்க அம்மகள் தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிறாள். 1812இல் கிரிம் சகோதரர் தொகுத்து வெளியிட்ட ஜெர்மானியக் கதையிலோ, பேயோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு அஞ்சித் தந்தையே மகளின் கைகளை வெட்டுகிறான். பழங்கதைகள் கூச்சமின்றிச் சொல்லின: கோடரி தந்தையின் கையில் இருந்தது, அல்லது தந்தையின் இச்சைக்கு அஞ்சிய மகளின் கையில் இருந்தது. நம்மிடம் வந்து சேர்ந்த வடிவத்தில் அக்கோடரி சிற்றன்னையின் கைக்கு மாறிவிட்டது. தந்தை தூயவனாகி அரியணையில் அமர்ந்துவிட்டான். ஓலையை மாற்றியவள் லேனாள் என்றால், கதையையே மாற்றியவர் யார் என்று நாம் கேட்கலாமன்றோ?

ஞானசௌந்தரிக்கு உடன்பிறந்தவள் என்று சொல்லத்தக்கவள் ஜெனோவா. கேரளக் கடற்கரையில், தமிழ் மிகுதியும் கலந்த மொழியில் ஆடப்பட்டுவரும் சவிட்டு நாடகங்களுள் ஜெனோவாவும் ஒன்று. 1953இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமாகவும் அது வெளிவந்தது. பிரபு சீக்பிரீது போருக்குச் செல்கிறான். அவனால் நம்பி அமர்த்தப்பட்ட கோலோ அவன் மனைவியை விரும்பி, அவள் இணங்காமையால் அவள்மீதே பழிசுமத்துகிறான். கணவன் அவளைக் கொன்றுவிடக் கட்டளையிடுகிறான். ஏவலர் இரங்கி விடுகின்றனர். அவள் குகையில் மகவை வளர்க்கிறாள். பெண்மான் ஒன்று பாலூட்டுகிறது. ஆண்டுகள் கழித்து வேட்டைக்கு வந்த கணவன் அவளைக் கண்டு உண்மை அறிகிறான். 17ஆம் நூற்றாண்டின் 1630களில் ரெனே தெ செரிசியே என்னும் இயேசு சபைக் குரு இக்கதையைப் பிரெஞ்சு மொழியில் விரித்தெழுதினார். அந்நூலின் வழியாக அது ஐரோப்பா எங்கும் பரவி மேடைகளை நிரப்பியது. இங்கும் குற்றவாளி கோலோவே. சீக்பிரீது ஏமாந்த நல்லவன். ஒரு சொல் கேட்டு மனைவியைக் கொல்லச் சொன்ன நல்லவன்!

இக்கதைக்குப் பின்னணியாக ஆய்வாளர் சுட்டும் வரலாற்று நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1256ஆம் ஆண்டில் பவேரியக் கோமகன் இரண்டாம் லூயி, கற்புக்கேடு என்னும் ஐயத்தின்பேரில் தன் மனைவி பிரபாந்து மரியாவின் தலையை வெட்டுவித்தான். அவள் குற்றமற்றவள் என்பது பின்னர்த் தெரிந்தது. கழுவாயாக அவன் ஃபூர்ஸ்டன்ஃபெல்ட் என்னுமிடத்தில் சிஸ்டர்சியத் துறவியர்க்கு ஒரு மடம் எழுப்பினான். மீண்டும் மணம் புரிந்தான், ஒரு முறையன்று, இரு முறை. மடம் எழுந்தது, வம்சம் தழைத்தது, மரியாவின் தலை மட்டும் மீண்டும் ஒட்டவில்லை. மான் பாலூட்டவில்லை, வானதூதர் வரவில்லை. வரலாற்றில் நிகழாத புதுமையை மேடையில் நிகழ்த்திக் காட்டியதால் ஆறுதல் அடைந்தவர் யார்? செத்தவளா, கொன்றவனா?

அக்காலத்து நாடகம் எங்கும் இப்படித்தான் இருந்தது என்று வரலாறு கற்றவர் கூறலாம். ஒத்துக்கொள்கிறோம். நம் ஞானசௌந்தரி கைகளை இழந்தது போலவே, 1594இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் 'டைட்டஸ் ஆண்ட்ரோனிக்கஸ்' நாடகத்தில் லவீனியா கைகளையும் நாவையும் இழக்கிறாள். அங்கு எந்த அருளும் அவற்றை மீட்டுத் தருவதில்லை. குடும்ப மானம் காக்கவெனத் தந்தையே அவளைக் கொல்கிறான். அதே ஆசிரியரின், அடங்காப்பிடாரியை அடக்கிய கதையைச் சொல்லும் இன்ப நாடகத்தின் இறுதியில், அடக்கப்பட்ட கேத்தரீன் தன் கையைக் கணவனின் பாதத்தின்கீழ் வைக்க ஆயத்தமாய் நிற்கிறாள், அவையோர் கைதட்டுகின்றனர். அதனினும் கொடிது நம் அல்லியின் கதை. மதுரையில் தனியரசு செலுத்திய அல்லியரசாணி ஆடவரை அண்டவிடாதவள். அருச்சுனன் பாம்புருவில் அவள் பள்ளியறை புகுந்து, அவள் உறங்கும்போதே தாலி கட்டிவிடுகிறான். இதனை மாலைநூலாகப் பாடினர். பின்னர்ச் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமாக்கினார். நாடகக் குழுக்கள் ஊரூராய் ஆடின. உறங்கும் பெண்ணின் கழுத்தில் கயிறு கட்டுவதற்குத் 'திருமணம்' என்று பெயர். நம் திருச்சபைச் சட்டப்படி இசைவின்றித் திருமணமே இல்லை என்பதைக் கற்பித்துவிட்டு, அன்றிரவே அல்லி நாடகத்துக்கு ஒலிபெருக்கி ஏற்பாடு செய்யும் பங்குகளும் உண்டு!

நொண்டி நாடகங்களைப் பற்றியும் இங்கே ஒரு சொல். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் தமிழகத்தில் செழித்த அவ்வகையில் சீதக்காதி நொண்டி நாடகம், திருச்செந்தூர் நொண்டி நாடகம் எனப் பல உண்டு. தாசியின் வலையில் விழுந்து பொருளிழந்த ஒருவன் குதிரை திருடப் போய்ப் பிடிபட்டு, கைகால் துணிக்கப்படுகிறான். பின்னர் இறைவனருளால் உறுப்புகளைத் திரும்பப் பெறுகிறான். உறுப்பிழந்து மீளப்பெறும் கதை என்ற வகையில் அவனும் ஞானசௌந்தரியும் ஒத்தவரே. ஆயின் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அவன் திருடினான், இழந்தான். இவள் ஒன்றும் செய்யாமலே இழந்தாள். அவன் ஒற்றைக்காலில் நின்றாடித் தன் கதையைத் தானே சொல்கிறான்; இவளுக்கு அழுகைத் தரு மட்டுமே. அவன் வீழ்ச்சிக்குப் பழி தாசிமீது. இவள் வீழ்ச்சிக்குப் பழி சிற்றன்னைமீது. இருவகை நாடகத்திலும் இறுதியில் பழி சுமப்பவள் ஒரு பெண்.

இவற்றை எழுதியவர், பயிற்றுவித்தவர், ஆடியவர் யார் என்பதும் எண்ணத்தக்கது. இங்கிலாந்தின் பொதுமேடையில் 1660 வரை பெண் பாத்திரங்களைச் சிறுவரே ஏற்றனர். நம் அண்ணாவிமார் ஆடவர். பாட்டெழுதிய புலவர் ஆடவர். ஸ்திரீபார்ட் தரித்தவரும் ஆடவர். பெண்ணின் அழுகையை ஆண் எழுதி, ஆண் பாடி, ஆண் அழுதான். அவள் எவ்வளவு நேரம் அழவேண்டும், எப்போது மன்னிக்கவேண்டும் என்பதையும் அவனே முடிவுசெய்தான். கீழே மணலில் இருந்தவர்களே மெய்யான பெண்கள். அவர்களிடம் கேட்கப்பட்டது கண்ணீர் ஒன்றே.

இவ்வளவும் சொன்னால் நம்மிடம் வரும் மறுப்புகளுள் முதலாவது, பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்பது. லேனாள் பெண்தானே என்பர். ஆம், பெண்தான். ஆயினும் அவள் ஏன் அந்தச் சிறுமியை அஞ்சினாள் என்று கேட்டதுண்டா? அந்த அரண்மனையில் ஒரு பெண்ணின் சோறும் சேலையும் மதிப்பும் அரசனின் பார்வை தன்பால் இருக்கும்வரைதான். அப்பார்வை முதல் தாரத்தின் மகள்பால் திரும்பினால் இவள் தெருவுக்கு வருவாள். முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருவர் தெய்வத்தை ஒருவர் இழித்து ஏசிக்கொள்வதை நாம் நகைச்சுவை என்று படிக்கிறோம். ஒரே பாயைப் பங்கிட வேண்டிய இருவர் வேறென்ன செய்வர்? இருவரை மணந்த பள்ளன் இடையில் நின்று வேடிக்கை பார்க்கிறான். லேனாளின் கொடுமையை நாம் நியாயப்படுத்தவில்லை. கொடுமையின் வேரைக் காணாமல் கிளையை மட்டும் வெட்டுவதைத்தான் மறுக்கிறோம்.

இரண்டாவது மறுப்பே வலியது, இறையியல் சார்ந்தது. பொறுமை கிறித்தவ அறம், சிலுவை சுமப்பது சீடத்துவம், ஞானசௌந்தரி அதற்குச் சான்று என்பர். இந்த இடத்தில் நாம் எள்ளளவும் விட்டுக்கொடுக்க இயலாது. ஏனெனில் இங்கே திரிக்கப்படுவது நாடகமன்று, நற்செய்தி.

இயேசு பொறுத்தார் என்பது மெய். ஆயின் தலைமைக் குருவின் முன்னிலையில் காவலன் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைந்தபோது அவர் வாளா இருக்கவில்லை. தாம் பேசியதில் தவறு எது என்று காட்டுமாறும், இல்லையெனில் அடித்ததற்குக் காரணம் யாதென்றும் கேட்டார் என யோவான் தம் நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் எழுதியுள்ளார். அடித்தவனிடம் காரணம் கேட்பது சிலுவைப் பாதைக்கு முரணானதன்று. அப்பாதையின் ஒரு கட்டமே அது. பொறுமைக்கு முன்மாதிரி எனப்படும் யோபுவோ கடவுளையே வழக்குக்கு இழுக்கிறார். ஒரு நூல் முழுவதும் அவர் முறையிடுகிறார். இறுதியில் கடவுள் கடிந்துகொள்வது அவரையன்று, அவரை அடங்கியிருக்கச் சொன்ன நண்பர்களை. தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தில் சூசன்னா இருக்கிறாள். ஜெனோவாவின் நிலைதான் அவளுக்கும்: இணங்காதவள்மீது இணங்கினாள் என்னும் பழி. ஆனால் அவள் உரத்த குரலில் கூவினாள். இளைஞன் தானியேல் எழுந்து, சாட்சிகளைத் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டாய் என்று குறுக்குவிசாரணை செய்தான். பொய் உடைந்தது. அற்புதம் நிகழவில்லை, நீதி விசாரணை நிகழ்ந்தது. 1530களிலேயே ஜெர்மனியில் பவுல் ரேபூன் என்பவர் சூசன்னாவை நாடகமாக்கினார். நம் மேடைகளிலோ ஜெனோவாவைப் போல் சூசன்னா வேரூன்றியதில்லை. கூவுகிறவளைவிட அழுகிறவளே நமக்கு உகந்தவளானாள்.

எபேசியர் திருமடலும் இவ்வாறே வெட்டப்படுகிறது. மனைவியர் பணிந்திருக்கவேண்டும் என்னும் 5ஆம் அதிகாரத்து 22ஆம் வசனத்தைத் தனியே பிடுங்கி ஓதுவோர், மிகப் பழைய கிரேக்கப் படிகளில் அவ்வசனத்துக்குத் தனி வினைச்சொல்லே இல்லை என்பதையும், ஒருவருக்கொருவர் பணிந்திருக்கச் சொல்லும் 21ஆம் வசனத்திடமிருந்தே அது தன் வினையைக் கடன் வாங்குகிறது என்பதையும் சொல்வதில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988இல் பெண்மையின் மாண்பு குறித்து விடுத்த மடலில், இப்பணிதல் இருபாலார்க்கும் உரியது, ஒருதலையானதன்று என்று தெளிவுபடுத்தினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் எழுதிய 'அன்பின் மகிழ்வு' ஏட்டில், பெண்கள்மீதான வன்முறை ஆண்மையின் வெளிப்பாடன்று, கோழைத்தனம் என்றார். நாடகத்துப் பிரபுக்கள் இதனைக் கேட்கும் பேறு பெறவில்லை. நம் பங்கில் இருப்போர் கேட்கலாம்.

ஒரு பழைய நாடகத்துக்காக இத்தனை சினம் எதற்கு என்பார்க்கு மறுமொழி இது. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் மூவரில் ஒருவருக்கும் மேற்பட்டோர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர். அவர்களுள் நம் பெண்களும் உண்டு. முகத்தில் காயத்தோடு தாய்வீடு வந்து நிற்கும் மகளிடம் நம் ஊரில் முதலில் சொல்லப்படுவது என்ன? "பொறுத்துப் போ மக்களே, மாதா பார்த்துக்கொள்வாள்." மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் சொல்லன்று அது; காவல் நிலையத்துக்கோ, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஏற்படுத்திய பாதுகாப்பு அலுவலரிடமோ அழைத்துச் செல்லும் சொல்லுமன்று. அது ஞானசௌந்தரி நாடகத்தின் வசனம். அவ்வசனத்தைச் சொல்லும் தாய் அதனை மணலில் அமர்ந்து மனப்பாடம் செய்தவள். வெட்டுண்ட கை முளைக்கும் என்று நம்பிக் காத்திருந்த பெண்களுள் சிலரை நாம் கல்லறைத் தோட்டம் வரை கொண்டுசென்றிருக்கிறோம்.

திருச்சபை அவ்வாறு காத்திருக்கச் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1153ஆம் சட்டம், துணைவருள் ஒருவர் மற்றவரின் ஆன்மாவுக்கோ உடலுக்கோ கடும் இடர் விளைவிப்பாராயின் மற்றவர் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்கிறது. தாமதம் இடருக்கு இடமளிக்குமாயின் அவர் தாமாகவே பிரிந்து செல்லலாம் என்றும் கூறுகிறது. திருமணப் பிணைப்பு முறியாதது என்னும் நம் நம்பிக்கைக்கும் இதற்கும் முரணில்லை. திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் குழந்தை வளர்ப்பும் சிக்கனமும் கற்பிக்கப்படும் அளவுக்கு இச்சட்டம் கற்பிக்கப்படுகிறதா என்று அவரவர் தம் பங்கில் கேட்டறிக.

நாட்டுச் சட்டமும் நெடுங்காலம் சீக்பிரீதின் பக்கமே நின்றது. கிறித்தவர்க்கான 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின்படி, மனைவியின் ஒழுக்கக்கேடு ஒன்றையே காட்டிக் கணவன் விடுதலை பெறலாம். மனைவிக்கோ கணவனின் ஒழுக்கக்கேடு மட்டும் போதாது. அதனோடு கொடுமையையோ, ஈராண்டுக்குக் குறையாத கைவிடுதலையையோ சேர்த்து மெய்ப்பிக்கவேண்டும். 1995இல் கேரள உயர்நீதிமன்றம் இந்த ஓரவஞ்சனையைக் கண்டித்தது. நாடாளுமன்றம் 2001இல்தான் திருத்தியது. மணமுறிவை நாம் ஏற்பதில்லை. அது வேறு பேச்சு. ஒரே குற்றத்துக்கு இரண்டு துலாக்கோல் 132 ஆண்டுகள் தொங்கியபோது, அதன்கீழ் நின்று நம் மேடைகள் ஜெனோவாவை அழவைத்துக்கொண்டிருந்தன என்பதே நாம் சுட்டுவது.

இத்தனைக்கும் நம் மண் அடங்கிய பெண்களின் மண்ணன்று. மாராப்பு அணியும் உரிமைக்காக 1822 முதல் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் அடிபட்டும் துணி கிழிக்கப்பட்டும் பின்வாங்காத பெண்கள் இங்கு வாழ்ந்தனர். அவர்களுள் மிகுதியானோர் சீர்திருத்த சபையினர். அதனாலென்ன, அவர்கள் நம் அயலகத்துப் பாட்டிமார். 1859 ஜூலை 26ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னரின் அறிவிப்பு வந்தது, அதுவும் அரைகுறையாகவே வந்தது. அவர்கள் அழுதிருப்பர், ஆனால் அழுகையோடு நின்றிருந்தால் அறிவிப்பு வந்திராது. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1917-18இல் 'தமிழன்' இதழில் மருமக்கள்வழி மான்மியத்தை எழுதியபோது, ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியின் வாயாலேயே அக்குடும்ப அவலத்தைச் சொல்லவைத்தார். எழுதியவர் ஆண்தான். எனினும் பெண்ணை அழவைப்பதோடு நிறுத்தாமல் பேசவைத்தார். நாஞ்சில் நாடு சிரித்தது, வெட்கியது, 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. ஓர் இலக்கியத்தால் அவ்வளவு ஆகும். முப்பந்தல் இசக்கியைப் பற்றி நம்மவர் இழிவாகப் பேசுவதுண்டு. நகைக்காக நம்பியால் கல்லெறிந்து கொல்லப்பட்ட அப்பெண் மறுபிறவி எடுத்துப் பழிவாங்கினாள் என்பது கதை. பழிவாங்குதல் நம் நெறியன்று. ஆயினும் அவளுக்குச் சினங்கொள்ளும் உரிமையாவது மக்கள் கொடுத்தார்கள். நாம் ஞானசௌந்தரிக்கு அதனையும் கொடுக்கவில்லை.

நாடகத்தை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. தொலைக்காட்சித் தொடர்களின் மாமியார்களைக் காண்பதைவிட அண்ணாவியின் தாளத்துக்கு ஆடும் லேனாளைக் காண்பது எவ்வளவோ மேல். அந்தப் பாட்டுகளும் மெட்டுகளும் அழியக் கூடாதவை. கோட்டாறு, குழித்துறை ஆகிய இரு மறைமாவட்டங்களிலும் இன்னும் ஏடு வைத்திருக்கும் அண்ணாவிமாரிடம் நாம் கேட்பது ஒரே ஒரு காட்சி.

இறுதிக் கட்டத்தில் பிலேந்திரன் காட்டுக்கு வந்து மண்டியிட்டவுடன் மங்களம் பாடிவிடாதீர்கள். மீண்டும் முளைத்த கைகளில் முதன்முதலாக அந்தப் பொய்யோலையைக் கொடுங்கள். அவள் அதனை அவன்முன் விரித்துப் பிடிக்கட்டும். "நாதா, இது நீர் எழுதியதன்று என்று அறிவேன். ஆனால் நீர் எழுதியிருப்பீர் என்று உம் நாட்டார் எப்படி நம்பினர்?" என்று கேட்கட்டும். அவன் சொல்லும் மறுமொழியை இம்முறை ஆடவர் எழுதவேண்டாம். அன்பியங்களில் கூடும் பெண்களிடம் விட்டுவிடுங்கள். ஒத்திகைக்கு இன்னும் நாளிருக்கிறது.